முள்ளும் மறைவும்

1

ஆஸ்திரேலியப் பாலையின் புல்லுக்கு அங்கே வழங்கும் பெயர் தப்பான பெயர். ஸ்பினிஃபெக்ஸ் என்கிறார்கள். லத்தீனில் 'முள் செய்வது' என்று அர்த்தம் வரும். இந்தப் பெயரை லின்னேயஸ் 1771-இல் சூட்டியது ஒரு கடற்கரைப் புல்லுக்கு. அது நம்முடைய கரையிலும் இருக்கிற புல். ராமேஸ்வரத்திலும் சோழமண்டலக் கரை நெடுகிலும் மணல்மேடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இராவணன் மீசை என்று நம் ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ந்த முட்பந்துகள் கடற்காற்றில் மணல்மீது உருண்டோடுவதைப் பார்த்தவனுக்கு அந்தப் பெயரின் கிண்டலும் பொருத்தமும் புரியும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குள் நுழைந்த ஐரோப்பியப் பயணிகள், தங்கள் கால்களையும் குதிரைகளின் கால்களையும் குத்திக் கிழித்த வேறொரு புல்லுக்கு இதே பெயரைச் சார்த்திவிட்டார்கள். அந்தப் புல்லின் சரியான பெயர் ட்ரையோடியா. ராபர்ட் ப்ரௌன் 1810-இலேயே வைத்த பெயர். புத்தகத்தில் அது இருந்தது. வாயில் மற்றது நிலைத்துவிட்டது.

இந்தப் பிழையைக் குற்றமாகச் சொல்லவில்லை. முள் தைத்த கணத்தில் மனிதன் முள்ளைத்தான் காண்கிறான். முள் என்ற ஒரே குணத்தைக் கொண்டு வஸ்துவை முடித்துவிடுகிறான். ஜே. டபிள்யூ. கிரெகரி 1906-இல் அந்நிலத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பே ஆஸ்திரேலியாவின் 'செத்த இருதயம்' என்பது. மாடு தின்னாத புல், பயிர் விளையாத மண், நடக்க விடாத முள்: இவை சேர்ந்தால் சாவு என்று கணக்கு. கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத பரப்பு இவ்விதமாகப் பார்வையிலிருந்து கழித்துக் கட்டப்பட்டது.

நான் எடுத்துக்கொள்ளும் பிரச்னை இந்தக் கழித்தல் அல்ல. அதைப் பற்றிப் போதுமான அளவு பச்சாதாபத்துடன் எழுதப்பட்டுவிட்டது. இதற்கு நேர் எதிரான ஒன்றுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பார்க்க மறுத்ததால் நேர்ந்த அநீதியைப் பார்வையால் சரிக்கட்டிவிட முடியுமா? மறைந்திருக்கும் ஒன்றைப் பற்றிய உண்மை தெரிந்தவன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவனா, சொல்லாமலிருக்கக் கடமைப்பட்டவனா? இந்தப் புல்லுக்குள் வாழும் ஒரு பறவையின் விஷயத்தில் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியாக நிற்காமல் ஸ்தூலமாக எழுந்திருக்கிறது.

2

முதலில் புல்லை அதன் தளத்தில் பார்த்துவிட வேண்டும்.

ட்ரையோடியாவில் எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாம் குத்துக்குத்தாக, கவிழ்த்த கூடை மாதிரி வளர்பவை. இலை வெயிலுக்கு இறுகச் சுருண்டு ஊசியாகிறது. நுனியில் சிலிக்கா ஏறிக் கடினப்பட்டிருக்கிறது. சதைக்குள் போனால் ஒடிந்து தங்கிவிடும். சில இனங்களில் பிசின் கசிகிறது. அந்நிலத்துப் பூர்வகுடிகள் இந்தப் பிசினைச் சூடாக்கிக் குழைத்து ஈட்டித் தண்டில் கல்முனையைப் பதித்துக்கொண்டார்கள். குத்து வயதாக ஆக வெளிப்புறமாகப் பரவுகிறது, நடுப்பகுதி செத்துப்போகிறது. பல ஆண்டுகள் தீப்படாத குத்து, நடுவில் வெறுமையும் சுற்றிலும் முள்வேலியுமாக வளையமாகிவிடுகிறது.

மண்ணில் சத்து இல்லை. ஆகவே புல்லிலும் சத்து இல்லை. பாலூட்டிகளில் பெரியவை இதை அநேகமாகச் சீண்டுவதில்லை. கறையான் தின்கிறது. இந்த ஒரு விவரத்திலிருந்து ஒரு உலகம் விரிகிறது. எரிக் பியான்கா என்ற அமெரிக்க விஞ்ஞானி 1966-இல் தொடங்கி அந்தப் பாலைகளில் பல்லி வகைகளை எண்ணினார். ஒரே இடத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் சேர்ந்து வாழ்வதைக் கண்டார். வட அமெரிக்கப் பாலைகளில் அவருக்குக் கிடைத்ததைப்போல் பல மடங்கு. காரணங்களில் ஒன்று கறையான். மற்றொன்று குத்தின் அமைப்பு. அரணைகள் இடுக்கில் ஓடுகின்றன. காலில்லாப் பல்லிகள் ஊசிகளுக்கிடையே நீந்துகிற மாதிரி நகர்கின்றன. முல்காரா என்கிற, வயிற்றுப் பையினத்தைச் சேர்ந்த சின்ன வேட்டைப்பிராணி குத்துக்களுக்கிடையே வளை தோண்டிக்கொள்கிறது. கட்டைவிரல் அளவு உடம்பும் அதைவிட நீண்ட வாலுமாக ஒரு குருவி, கிளைவிட்டுக் கிளை தாவுகிற மாதிரி முள்விட்டு முள் தாவிப் பூச்சி பிடிக்கிறது.

அதாவது, வெளியே நிற்பவனுக்கு முள்ளாக இருப்பது உள்ளே இருப்பதற்குச் சுவராக இருக்கிறது. இரண்டு வேறு முட்கள் இல்லை, ஒரே முள். யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். மாட்டுக்கு உதவாத புல் என்று கழித்தவன் பொய் சொல்லவில்லை. அவன் நின்ற பக்கத்தைச் சொல்ல மறந்தான்.

நம் இலக்கண மரபில் பாலைக்குச் சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் முறை திரிந்தால் பாலை. அது ஒரு ஸ்திதி. ஒரு குறைபாடு, நிலத்துக்கு வந்த துன்பம். இந்தக் கருத்து கவிதைக்கு நிறையச் செய்திருக்கிறது. ஆனால் ட்ரையோடியாவின் பாலை எதிலிருந்தும் திரிந்து வந்ததில்லை. அங்கே வறட்சி ஒரு துயரமாக வரவில்லை, இயல்பாக இருக்கிறது. அதற்கென்றே உயிர்கள் அமைந்திருக்கின்றன. பாலையைப் பிரிவின் உருவகமாக மட்டும் படித்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அசௌகரியமான செய்தி.

3

இந்தக் குத்துக்களில் ஒரு கிளி இருக்கிறது. இரவுக்கிளி என்றே பெயர். மஞ்சள் கலந்த பச்சை. மேலெல்லாம் கறுப்புக் கோடும் புள்ளியும். பகல் முழுதும் முட்குத்துக்குள் ஒரு சுரங்கம் அமைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். இருட்டியதும் வெளியே வந்து தரையில் விதை பொறுக்கும். முட்டையும் அந்தச் சுரங்கத்துக்குள்தான்.

இதன் சரித்திரம் மனிதப் பார்வையின் சரித்திரமாக இருக்கிறது. சார்லஸ் ஸ்டர்ட்டின் பயணக் குழுவில் இருந்த ஜான் மக்டௌல் ஸ்டூவர்ட் 1845-இல் ஒன்றைச் சுட்டார். அது இன்னதென்று அப்போது தெரியவில்லை. ஜான் கூல்டு 1861-இல், வேறொரு செத்த பறவையை வைத்துக்கொண்டு, விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அறுபதுகளில் ஒன்று உயிரோடு லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்து, சில மாதங்களில் செத்தது. எழுபதுகளில் ஆண்ட்ரூஸ் என்ற சேகரிப்பாளர் தென் ஆஸ்திரேலியாவில் பலவற்றைச் சுட்டுப் பாடம் செய்தார். உலகத்து மியூசியங்களில் இருக்கும் இரவுக்கிளித் தோல்களில் பாதிக்குமேல் அவர் கைவண்ணம். 1912-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒன்று சுடப்பட்டது. அதன் பிறகு கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சியம் எதுவும் இல்லை. அங்கங்கே பார்த்ததாகச் சொன்னார்கள். பார்த்ததாகச் சொன்னவர்களை மற்றவர்கள் நம்பவில்லை.

1990-இல் க்வீன்ஸ்லாந்தில் பூலியா என்ற சிற்றூருக்கு வடக்கே சாலையோரத்தில், வண்டி ஏதோ அடித்துப்போட்டிருக்க வேண்டும், காய்ந்த சடலம் ஒன்று கிடைத்தது. ஆஸ்திரேலிய மியூசியத்தைச் சேர்ந்த வால்டர் போல்ஸும் சகாக்களும் எடுத்தார்கள். 2006-இல் டயமண்டினா தேசியப் பூங்காவில் இன்னொன்று. அது முள்கம்பி வேலியில் பறந்து மோதித் தலை துண்டாகிக் கிடந்தது.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். புல் செய்த முள்ளுக்குள் ஆயிரமாயிரம் ஆண்டுகள் பத்திரமாக இருந்த ஒன்று, மனிதன் செய்த முள்ளில் செத்தது. இரண்டும் தடுக்கத்தான் இருக்கின்றன. ஆனால் புல்லின் முள் தன்னைக் காத்துக்கொள்வதில் தற்செயலாக இன்னொன்றுக்கும் இடம் கொடுக்கிறது. கம்பியின் முள் மாட்டை உடைமையாக வைத்திருப்பதற்கு மட்டுமே. அதற்கு உட்புறம் என்று ஒன்று இல்லை.

இன்னொரு விவரம். 2020-இல், பாடம் செய்யப்பட்ட ஒரு இரவுக்கிளியின் மண்டையோட்டை ஸ்கேன் செய்து பார்த்தவர்கள், அதன் பார்வை நரம்பும் மூளையின் பார்வைப் பகுதியும் அப்படியொன்றும் பெரியவை அல்ல என்று கண்டார்கள். இருட்டில் அது நன்றாகப் பார்க்கும் என்பதற்கு எலும்பில் அத்தாட்சி இல்லை. மற்றக் கிளிகளைவிடக் கூர்மையாக இல்லாத கண்ணை வைத்துக்கொண்டு இருட்டை வாழிடமாகத் தேர்ந்த ஒரு ஜீவனை, எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்கிற இன்னொரு ஜீவன் நூற்றைம்பது வருஷமாகத் தேடியிருக்கிறது. செத்த உடம்பாகத்தான் அது கைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

4

2013-இல் நிலைமை மாறியது. ஜான் யங் என்ற பறவை ஆர்வலர் மேற்கு க்வீன்ஸ்லாந்தில் உயிருள்ள ஒன்றைப் படம் பிடித்தார். இடத்தை வெளியே சொல்லவில்லை. பிறகு புஷ் ஹெரிடேஜ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு அங்கே 56,000 ஹெக்டேர் நிலத்தை வாங்கி, புல்லன் புல்லன் என்று பெயரிட்டுக் காப்பிடமாக்கியது. பறவைகள் அடையும் சரியான இடம் யாருக்கும் சொல்லப்படுவதில்லை. அனுமதியின்றி நுழைந்தால் கடும் தண்டனை.

பறவையைப் பார்ப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் கொதித்தார்கள். நாட்டின் சொத்தைச் சிலர் மூடிவைக்கலாமா என்றார்கள். இது வெறும் பொறாமை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. இதில் ஒரு கோட்பாடு இருக்கிறது. உண்மை பொது. எனக்குத் தெரிந்ததை நீ போய்ப் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்ல முடிய வேண்டும். அது முடியாத இடத்தில் விஞ்ஞானம் இல்லை, நம்பிக்கைதான் இருக்கும். நம்பிக்கை இருக்கும் இடத்தில் பூசாரி இருப்பார்.

இந்த ஆட்சேபத்துக்கு நடைமுறையிலேயே நிரூபணம் கிடைத்தது. இரவுக்கிளி பற்றிப் பின்னாளில் சேர்ந்த சில சாட்சியங்களை, கூடு, முட்டை, இறகு, குரல்பதிவு முதலியவற்றை, 2019-இல் ஒரு நிபுணர் குழு பரிசீலித்தது. அவற்றில் நம்பத்தகாதவை இருக்கின்றன என்று முடிவு செய்தது. அவற்றை வெளியிட்டிருந்த நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. மூடிய அறைக்குள் உண்மை வளர்வதைப் போலவே பொய்யும் வளரும். வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

ரகசியத்துக்கு எதிரான இரண்டாவது வாதம் இதைவிட வலுவானது. சட்டத்தின் கண்ணில் பதிவாகாதது இல்லாதது. 2005-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில், இரும்புத்தாதுச் சுரங்கத்துக்காக நிலத்தை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் அந்தியில் நீர்நிலையொன்றில் மூன்று இரவுக்கிளிகளைக் கண்டதாகப் பதிவு செய்தார்கள். அப்படி யாராவது பார்த்துப் பதிவு செய்தால்தான் சுரங்கம் வெட்டுபவன் பதில் சொல்லவேண்டி வரும். மறைவு காப்பாற்றும் என்று பேசாமல் இருந்தால், புல்டோசர் வரும்போது, 'இங்கே ஒன்றும் இல்லை' என்கிற பழைய வாக்கியம் மறுபடியும் உண்மையாகிவிடும். செத்த இருதயம் என்று சொன்னவனுக்கும் ரகசியம் காப்பவனுக்கும் பலனில் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

இனி மறுபக்கம். டேவிட் லிண்டன்மேயர், பென் ஷீலே என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2017-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பு 'வெளியிடாதீர்கள்'. அரிய உயிர்களின் இருப்பிடத்தை ஆய்வுக் கட்டுரையில் துல்லியமாகக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். கட்டுரை இணையத்தில் ஏறியதும் முதலில் அதைப் படிப்பவன் சக விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை, பிடித்து விற்பவனாகவும் இருக்கலாம். தென் சீனாவில் குகைகளில் வாழும் பல்லி ஒன்று 1999-இல் விஞ்ஞானத்துக்கு அறிமுகமாயிற்று. எங்கே கிடைத்தது என்று கட்டுரை சொன்ன அந்த இடத்திலேயே, வளர்ப்புப் பிராணி வியாபாரிகளுக்காகப் பிடித்துப் பிடித்து, சில வருஷங்களில் இல்லாமல் போயிற்று. அறிவின் முதல் வாக்கியமே அதன் பொருளுக்கு இரங்கல் செய்தியாகிவிட்டது.

காசுக்குப் பிடிப்பவனை விட்டுவிடுவோம். அன்போடு வருகிறவனும் இருக்கிறான். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரச் செய்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, திருப்தியோடு போகிறவன். ஆயிரம் பேர் வந்து ஆளுக்கு ஒருமுறை நேசித்தால் என்ன ஆகும்? நேசிப்பவனின் பார்வைக்கும் எடை உண்டு. குத்தை மிதித்துத்தான் அவனும் நிற்க வேண்டும்.

5

இவ்வளவுக்கும் பிறகு, சொல்வதா மறைப்பதா என்று இரண்டே வழிகளாகப் பிரச்னையை வைத்துக்கொண்டால் முட்டுச்சந்துதான். அந்தப் பாலையிலேயே மூன்றாவது ஒன்று நடந்திருக்கிறது.

க்ரேட் ஸாண்டி பாலையில் ஙுருர்பா என்ற பூர்வகுடிகளின் காப்புநிலம் இருக்கிறது. அந்த மக்களில் வனக்காவல் செய்கிறவர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒலிப்பதிவுக் கருவிகளைப் பாலையில் வைத்தார்கள். இரவுக்கிளி, அந்தி மங்கிக் குத்தை விட்டுக் கிளம்பும்போதும் விடியுமுன் திரும்பும்போதும் குரல் கொடுக்கும். கருவி காத்திருந்து கேட்டுக்கொண்டது. 2024-இல் வெளிவந்த முடிவு: 31 இடங்களில் 17-இல் குரல் கேட்டிருக்கிறது. ஐம்பது பறவைகள்வரை அங்கே இருக்கலாம். தெரிந்தவரையில் இதைவிடப் பெரிய கூட்டம் வேறெங்கும் இல்லை.

கேட்பதற்கும் பார்ப்பதற்கும் உள்ள பேதத்தை நான் ரொம்பவும் இழுக்க விரும்பவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாம். பார்க்க வேண்டுமானால் அதை மறைவிலிருந்து கிளப்ப வேண்டும். கேட்பதற்கு அது தானாகப் பேசும் நேரம்வரை காத்திருந்தால் போதும்.

அந்த ஆய்வு இன்னொன்றும் சொல்லிற்று. டிங்கோ நாயின் விட்டைகளைப் பரிசோதித்ததில் பூனை மயிர் ஏராளம். ஐரோப்பியர் கொண்டுவந்து காட்டில் பெருகிவிட்ட பூனைதான் தரையில் வாழும் பறவைக்கு எமன். அந்தப் பூனையை டிங்கோ தின்கிறது. எனவே மாட்டுக்காக டிங்கோவுக்கு விஷம் வைப்பது கிளிக்கும் விஷம் வைப்பதாக முடியலாம். இது கிளியின் முகவரி இல்லாமலேயே எல்லோருக்கும் சொல்லக்கூடிய, சொல்லியே தீரவேண்டிய உண்மை.

அடுத்தது தீ. அந்நிலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக, நடந்துபோகிற வழியில் அங்கங்கே சின்னச்சின்னத் திட்டாகப் புல்லைக் கொளுத்திவந்தார்கள். வேட்டைக்காக, விதைக்காக, வழிக்காக. இன்று எரிந்தது, போன வருஷம் எரிந்தது, இருபது வருஷமாக எரியாதது என்று பூமி துண்டுதுண்டாக இருந்தது. மின்னல் விழுந்தால் தீ கொஞ்ச தூரம் ஓடி, எரிந்துபோன திட்டில் முட்டி நின்றுவிடும். 1953-இல் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் இந்த ஒட்டுவேலை தெரிகிறது. அப்புறம் அந்த மக்கள் பாலையை விட்டு வெளியேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். 1964-இல் ஏவுகணைச் சோதனைக்கு நிலம் காலியாக வேண்டும் என்று, அதுவரை வெள்ளையரையே பார்த்திராத பெண்களும் குழந்தைகளும் பாலையிலிருந்து கூட்டிவரப்பட்டார்கள். மனிதன் போன பிறகு நிலம் 'தூய இயற்கை' ஆயிற்று. ஆனதும் மைல் கணக்கில் ஒரே தீயாக எரிய ஆரம்பித்தது. வயதான குத்துக்கள் போயின. குத்து போனால் சுரங்கம் போயிற்று.

ஆக மறைவு என்பது ஆளில்லாத இடம் என்று நினைத்தது தப்பு. அந்த மறைவை மனிதக் கைகள் சதா பராமரித்துக்கொண்டிருந்தன. பராமரித்தவர்களுக்குக் கிளி எங்கே இருக்கும் என்பது தெரிந்திருந்தது. தெரிந்ததைப் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்கிற அவசரம் அவர்களுக்கு இல்லை. எந்தத் திட்டை எப்போது கொளுத்துவது, எதைக் கொளுத்தாமல் விடுவது என்பதாக அந்த அறிவு வேலை செய்தது. அறிந்தவனிடம் அது ஒரு வேலையை எதிர்பார்த்தது.

6

இதிலிருந்து ஒரு வரையறையை முன்வைக்கிறேன்.

உண்மை வேறு, முகவரி வேறு. இரவுக்கிளி இருக்கிறது என்பது உண்மை. எத்தனை இருக்கும், எதனால் சாகிறது, எந்தப் புல் வேண்டும், அந்தப் புல்லை எது அழிக்கிறது என்பவை உண்மைகள். இவற்றை மறைக்க எவனுக்கும் உரிமை கிடையாது. மறைத்தால் அது அதிகாரம். எந்தக் குத்து என்பது முகவரி. அதை அறிவதால் என் ஞானத்தில் எதுவும் கூடுவதில்லை, என் அனுபவச் சேமிப்பில் ஒன்று கூடுகிறது, அவ்வளவே. உண்மையின் மேல் நமக்குள்ள உரிமையைக் காட்டி முகவரியைக் கேட்பது ஒரு ஏமாற்று. இதை அங்கே நடைமுறையில் செய்தும் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் பறவையின் குரல்பதிவைக்கூடப் பூட்டி வைத்திருந்தார்கள். பின்னர் குரலை வெளியிட்டார்கள். கூட்டின் இடத்தை வெளியிடவில்லை. குரல் தெரிந்ததால் மற்றவர்கள் மற்ற இடங்களில் கேட்டுக் கண்டுபிடிக்க முடிந்தது. கூடு தெரியாததால் கூடு இருக்கிறது.

மறைப்பவனுக்கும் ஒரு சோதனை வேண்டும். அந்த மறைவினால் பத்திரப்படுவது யார்? மறைந்திருக்கும் ஜீவனா, மறைப்பவனின் பீடமா? மறைப்பதற்காக அவன் என்ன இழக்கிறான், என்ன வேலை செய்கிறான்? பெயர் கிடைக்கும் என்பதற்காக ரகசியம் காப்பவனும், தீக்கோடு வெட்டிப் பூனை பிடித்துக்கொண்டே வாய்மூடியிருப்பவனும் ஒரே மௌனத்தில் இல்லை. தன் கூற்றைச் சிலராவது உள்ளே வந்து சரிபார்க்க அவன் சம்மதிக்கிறானா? சம்மதிக்காதவன் சொல்வதை நம்பக் கூடாது. 2019-இல் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது இதைத்தான்.

பார்க்கப்படுவதுதான் இருப்பு என்று பெர்க்லி ஒரு தத்துவம் கட்டினார். மனிதன் பாராத நேரத்திலும் வஸ்து இருக்கவேண்டும் என்பதற்காகக் கடவுளைப் பார்வையாளராக உட்காரவைத்தார். நம் சைவம் வேறு விதமாக யோசித்திருக்கிறது. கடவுளின் ஐந்தொழிலில் படைத்தல், காத்தல், அழித்தல், அருளலோடு மறைத்தலும் ஒன்று. பக்குவம் வரும்வரை மறைத்து வைப்பதும் அருளின் வேலைதான் என்று சித்தாந்திகள் சொல்கிறார்கள். எனக்குக் கடவுளில் அக்கறை இல்லை. ஆனால் மறைத்தலை அழித்தலோடு சேர்க்காமல், பொய்யோடும் சேர்க்காமல், தனித் தொழிலாகப் பிரித்து வைத்த அந்தப் புத்தியை மதிக்கிறேன். அதில் ஒரு ஜாக்கிரதையும் வேண்டும். அங்கே பக்குவம் வரவேண்டியது பார்ப்பவனுக்கு. கிளிக்கு இதில் பக்குவப்பட வேண்டியது எதுவும் இல்லை.

இதையெல்லாம் ஐந்நூறு பேர்கூடப் படிக்காத ஒரு பத்திரிகையில் எழுதுவதால், கடைசியில் கேள்வி நம்மிடமும் வருகிறது. எழுத்துக்காரர்கள் எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதைத் தர்மமாகப் பேசிப் பழகியவர்கள். கவிதைக்குப் பின்னால் இருந்த பெண் யார், கதையில் வரும் தெரு எது என்று முகவரி கேட்பதை விமர்சனம் என்கிறோம். கவிதை தந்த உண்மை போதாமல் அதன் குத்தை மிதிக்கப் போகிறோம். அதே சமயம் நம்முடைய சிறுமையை ஒரு கோட்டையாகவும் வைத்துக்கொண்டிருக்கிறோம். புரியாத நடை ஒரு முள், குழுச்சொல் ஒரு முள், ஏளனம் ஒரு முள். வெளியே நிற்பவனைக் குத்துகிறோம் என்பதில் சந்தேகமில்லை. உள்ளே ஏதாவது உயிர் அடைந்திருக்கிறதா? அடைந்திருந்தால் இந்த முட்களுக்கு நியாயம் உண்டு. வெளியே இருப்பவன் எவ்வளவு திட்டினாலும் உண்டு. உள்ளே ஒன்றும் இல்லாமல் முள் மட்டும் மிஞ்சியிருக்குமானால், அது அந்த டயமண்டினா வேலியின் முள். உட்புறம் இல்லாதது. இதைச் சோதிக்க வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். உள்ளே இருப்பவர்கள்தான் அவரவர் வேலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.